பூவின் நிறம் பற்றி ஒரு வரி

நான் வெத்தலை போடுறதே கிடையாது. அதை முதல்ல எழுதிக்கோங்க. தொண்ணூத்திரண்டு வயசாச்சு. இந்தா பாருங்க பல்லு, ஒரு கறை இருக்கா? எமிமாளைப் பத்தி எழுதியிருக்க அந்த நாவல்ல பதினாலாம் அத்தியாயத்துல பேராசிரியர் நாகலிங்கம்னு ஒருத்தர் வாறார்லா, வாய் நெறைய வெத்தலையை அதக்கிக்கிட்டு, மேசைக்கு அடியில இருக்க பணிக்கத்துல துப்பிக்கிட்டே அந்தப் பொண்ணுகிட்டப் பேசுதார்லா, அது நான்தானாம். ஊரே சொல்லுது. ஆவுடைநாயகத்தை நாகலிங்கம்னு மாத்திட்டா ஆளு தெரியாமப் போயிருமா? திருடன்னு எழுதட்டும், கொடுமைக்காரன்னு எழுதட்டும், அது அவங்க அபிப்பிராயம். வெத்தலைன்னு எழுதலாமா? எங்க வீட்டுல கல்யாணத்துக்குக்கூட நான் தாம்பூலத்தைத் தொட்டுக் கும்பிட்டதோட சரி.

உக்காருங்கம்மா. மருமவ காப்பி போட்டுக்கிட்டு இருக்கா. பல்கலைக்கழகத்துலருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிய, வந்த ஒடனே கையெழுத்தைப் போடுங்க சார், கெளம்புதேன்னா எப்படி? நாளைக்குக் கமிட்டி கூடுது, அதுக்குள்ள என் கடிதாசி வேணும். புரியுது. எமிமாளுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் குடுக்கப் போறிய. அந்தச் செடியை மலையில கண்டுபிடிச்சவ அவதான்னு நான் எழுதிக் குடுத்தாத்தான் குடுக்க முடியும். ஏன்னா அந்தச் செடியைப் பத்தின கட்டுரையில அச்சுல இருக்கது என் பேரு. அம்பத்தேழு வருஷமா இருக்கது என் பேரு. ஒரு நாவலை ஆதாரமா வச்சுப் பட்டம் குடுக்கப்படாதுன்னு உங்க கமிட்டியில எவரோ ஒருத்தர் சொல்லியிருக்கார்லா, அவர் வெவரமான ஆளு. என் வணக்கத்தைச் சொல்லுங்க.

நான் மாட்டேன்னு சொல்லலையே. போடுதேன். மாட்டேன்னு சொல்லுத ஆளா இருந்தா உங்களை வாசல்லயே நிறுத்தியிருப்பேன்.

அவளுக்கு டாக்டர் ஒரு மாசம்தான் சொல்லியிருக்காராமே. பட்டமளிப்பு விழா இருவத்தெட்டாம் தேதி. இருப்பாளா? இருப்பா. அவ அழுத்தக்காரி. சேலையெல்லாம் எடுத்து வச்சிருக்கான்னு நீங்கதான போன்ல சொன்னிய? வயசானவங்க விடுதியில, கட்டிலுக்கு அடியில ட்ரங்குப் பெட்டியில, இஸ்திரி போட்ட பட்டுச் சேலை. தினமும் நர்ஸம்மாவை விட்டு எடுத்துத் தடவிப் பாத்துக்குறாளாம். கண்ணு மங்கிட்டு, தடவித்தான் பாக்கணும். கேக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. நான் கல் மனசுக்காரன் கிடையாதும்மா, அந்த நாவல்ல எழுதியிருக்க மாதிரி.

நாவலை மூணு தடவை படிச்சேன். பென்சிலை வச்சுக்கிட்டுப் படிச்சேன். பாருங்க, ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு தப்பு! எழுதுன அம்மா சென்னையில இருக்காங்களாம். எமிமாள் பக்கத்துல பதினோரு நாள் உக்காந்து கதை கேட்டாங்களாம், முன்னுரையில போட்டிருக்கு. என்கிட்ட ஒரு நாள் வந்தாங்களா? ஒரு போன்? இந்தா, அறுவத்தி மூணாம் பக்கம். 'ஒத்துத்தாள்களைத் துவைத்துக் காயப்போடச் சொன்னார்.' யாராவது ஒத்துத்தாளைத் துவைப்பாங்களா? செடியை அமுக்குத தாளும்மா அது, ஈரத்தை உறிஞ்சுத தாளு. தண்ணியில போட்டாக் கூழாப் போயிரும். நான் வெயில்ல காயவைக்கத்தான் சொன்னேன். மொட்டை மாடியில, சித்திரை வெயில்ல, ஒரு நாளைக்கு நானூறு தாளு. காத்து அடிச்சாப் பறக்கும்லா, அதனாலப் பக்கத்துலயே நிக்கச் சொன்னேன். அவ்வளவுதான். துவைக்கச் சொன்னேனாம்!

எமிமாள் யாருன்னு நாவலைப் படிச்சவங்களுக்குத் தெரியும். எப்படி வந்தான்னு எனக்குத்தான் தெரியும். மலை மேல தேயிலை எஸ்டேட்டுல அவ அப்பன் உபதேசியார். கொழுந்து எடுக்குதவங்களுக்கு ஜெபம் பண்ணி வைக்கிற ஆளு. கீழ வந்து படிச்சு, பட்டம் வாங்கி, ஆராய்ச்சி பண்ணணும்னு என் முன்னாடி வந்து நின்னா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவத்தேழு. அந்தக் காலத்துல எவன் சேத்துக்குவான்? பொம்பளைப் பிள்ளை, அதுலயும்... சரி, அதெல்லாம் இப்பப் பேசப்படாது. நான் சேத்துக்கிட்டேன். எனக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. எங்க டிபார்ட்மெண்ட்ல அவளுக்குன்னே ஒரு டம்ளர் தனியா வாங்கி வச்சேன், என் கைக்காசுல. வேற யாரும் அதைத் தொடப்படாதுன்னு சொல்லியிருந்தேன். அவ்வளவு அக்கறை. இது நாவல்ல வருதா? வருது. எப்படி வருது? நீங்க படிச்சிருப்பிய.

காப்பி குடிங்க, ஆறுது.

இந்தப் பக்கத்து மலையில தனியா ஏறிச் செடி சேத்த மொதப் பொம்பளை அவதான். அதை நான் எப்பவும் மறுத்ததில்லை. ஐப்பசி மழையில, பரப்பன்னு காட்டுக்குள்ளயே இருக்க ஒரு காணிக்காரனையும் அவன் பெண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுப் பதினோரு நாள் உள்ள போயிட்டு வந்தா. நான்தான் அனுப்பினேன். ஆம்பளைப் பசங்க நாலு பேரு இருந்தானுவ. ஒருத்தனும் அந்த மழையில போக மாட்டேன்னுட்டான். இவகிட்ட, போகலைன்னா உன் ஆராய்ச்சியை நிறுத்திருவேன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். போயிட்டா. திரும்பி வந்து நிக்கா, முழங்காலுக்குக் கீழ அட்டை கடிச்சு ரத்தமா வழியுது. கையில செடிக்கட்டு. அதை மட்டும் நனையாமக் கொண்டுவந்துட்டா. அன்னைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'தரையைத் துடைச்சிட்டுப் போ'ன்னேன். ரத்தக் கறை காஞ்சாப் போகாதும்மா, சிமிண்டுத் தரை.

கட்டைப் பிரிச்சுப் பாத்தேன். அதுல ஒரு செடி, அதுவரைக்கும் உலகத்துல எவனும் பாக்காத செடி.

நம்ம வீட்டு முத்தத்துல காசித்தும்பை வைக்காங்கல்லா, அந்த இனம். அருவித் தண்ணி சொட்டுத பாறை இடுக்குல மொளைக்கும். உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்லை, நீங்களும் தாவரவியல்தான். இந்த இனத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டும்மா. பூ முழுக்கத் தண்ணி. அமுக்கிக் காயவச்சோம்னா நிறம் செத்துப்போகும். என்ன நிறத்துல பூத்துச்சுன்னு காஞ்ச பூவைப் பாத்து ஆண்டவனாலயும் சொல்ல முடியாது. அதனால பறிச்ச எடத்துலயே, பறிச்ச ஒடனே, குறிப்பேட்டுல நிறத்தை எழுதிறணும். மொத வருஷம் படிக்கிறவனுக்கே இது தெரியும். எமிமாளும் எழுதியிருக்கா.

அந்தக் குறிப்பேட்டை நான் திருடினேன்னு நாவல்ல இருக்கு. பொய்! கேட்டேன், குடுத்தா. கட்டுரைக்கு வேணும், வச்சிட்டுப் போன்னேன், வச்சிட்டுப் போனா. என் அலமாரியில பதிமூணு வருஷம் இருந்துச்சு. பெறவு கரையான் வந்துச்சுன்னு பழைய காகிதத்தோட சேத்து எரிச்சேன். ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பாக்கலை. அடுத்தவங்க எழுதி வச்சதைப் படிக்கிற புத்தி எனக்குக் கிடையாது. அது எங்க அப்பா கத்துக் குடுத்தது.

கட்டுரைன்னேன்லா. அதையும் அவளே எழுதிக்கொண்டு வந்துட்டா. பதினாறு பக்கம். படமும் அவளே வரைஞ்சிருந்தா, சும்மா சொல்லப்படாது, நல்ல கை. மேல அவ பேரு. அவ பேரு மட்டும். சரி, சின்னப் பிள்ளை, வெவரம் தெரியலைன்னு விட்டுறலாம். செடிக்கு என்ன பேரு வச்சிருந்தாங்கறிய? பரப்பன் பேரு. அந்தக் காணிக்காரன் பேரை எடுத்து லத்தீன் மாதிரி முடிச்சு எழுதியிருக்கா. என்னம்மா இதுன்னேன். 'அவருதான் சார் அந்தப் பாறைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாரு. அவருக்கு அந்தச் செடியை முன்னாடியே தெரியும்'ங்கா. அவரு! காட்டுல தேன் எடுக்குதவன் அவரு! இதை நான் வெளிநாட்டுக்கு அனுப்பி, நாலு வெள்ளைக்காரன் படிச்சுச் சிரிக்கணுமா?

நான் என்ன செஞ்சேன்? பரப்பன் பேரை அடிச்சேன். அவ பேரையே லத்தீன் மாதிரி முடிச்சு வச்சேன். எமிமே. எஸ்டேட்டு உபதேசியார் மவ பேரு லண்டன்ல இருக்கு, பாரீஸ்ல இருக்கு. யாரு வச்சது? எவனாவது தன் மாணவி பேரை ஒரு செடிக்கு வச்சிருக்கானா அந்தக் காலத்துல? இதை நாவல்ல எழுதுன அம்மா 'தந்திரம்'னு எழுதுதாங்க. தந்திரமாம்! நம்ம துறையில ஒரு மரியாதை உண்டுல்லா, உங்களுக்கே தெரியும், தன் பேரைத் தானே செடிக்கு வச்சுக்கப்படாது. அசிங்கம். அடுத்தவங்கதான் வைக்கணும். அப்ப, செடிக்கு அவ பேரை வச்சாச்சுன்னா கட்டுரை மேல அவ பேரு இருக்கலாமா? இருக்கப்படாதுல்லா? எடுக்க வேண்டியதாப் போச்சு. வேற யாராவது பேரு மேல இருந்தாகணும்லா? என் பேரைப் போட்டேன். எனக்கு வேற வழியே இல்லை.

நான் ஒண்ணும் செய்யாமப் பேரைப் போட்டுக்கிடலை. அப்பல்லாம் லத்தீன்ல ஒரு வர்ணனை இருந்தாத்தான் ஏத்துக்குவான். எனக்கு லத்தீன் தெரியாது. ஒரு பாதிரியாரைப் பிடிச்சு எழுதி வாங்குனேன். எத்தனை தடவை நடந்தேன் தெரியுமா? பெறவு டைப் அடிச்சது நான். ஒரு தப்பு விழுந்தாப் பக்கம் முழுக்கத் திருப்பி அடிக்கணும். எமிமாள் பதினோரு நாள் மழையில நனைஞ்சதை ஒரு அத்தியாயமா எழுதத் தெரியுது. நான் ஒன்றரை மாசம் விரல் வீங்க டைப் அடிச்சதுக்கு ஒரு வரி இல்லை.

நிறம் எழுதணுமே. செடியை ஒட்டுன தாளு ஓரத்துல பென்சில்ல கிறுக்கி ஒரு துண்டுச் சீட்டைச் சொருகி வச்சிருந்தா. அலங்கோலமா இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டு அழகா டைப் அடிச்சு ஒட்டினேன். பூவைப் பாத்தேன். காஞ்ச பூ. வதக்குன கத்திரிக்காய்த் தோல் மாதிரி இருந்துச்சு. ஊதான்னு எழுதினேன். பாதிரியாரும் லத்தீன்ல ஊதான்னு எழுதிட்டார். அச்சாகி வந்துட்டு.

வந்த அன்னைக்கு எமிமாளைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கையில குடுத்தேன். காலில விழுவான்னு நெனச்சேன். அப்படி ஒரு பேரு கெடைச்சா யாரா இருந்தாலும் விழுவாங்கல்லா? அவ நின்னுக்கிட்டே படிச்சா. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சா. தன் பேரு மேல இல்லைங்கிறதைப் பாத்தா, தெரிஞ்சுச்சு, முகம் ஒரு மாதிரி போச்சு. புத்தகத்தை மேசையில வச்சா. 'சார், பூ வெள்ளை'ன்னா.

நன்றி இல்லை. வணக்கம் இல்லை. பூ வெள்ளை!

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. தாளு மணம்கூடப் போகலை. உலகம் பூராவும் லைப்ரரிக்குப் போயிட்டு. அன்னைக்கு அவ 'ரொம்ப சந்தோஷம் சார்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, பெறவு ஒரு வாரம் கழிச்சு மெதுவா, 'சார், ஒரு சின்ன திருத்தம்'னு வந்திருந்தா நானே மாத்தியிருப்பேன். மாத்தியிருப்பேனான்னு கேக்காதிய. மாத்தியிருப்பேன்.

அதுக்குள்ள வேற ஒரு வம்பு. செடிப் பேரை எழுதும்போது பின்னாலயே பேரு வச்சவர் பேரையும் எழுதணும்லா. எமிமே ஆவுடைநாயகம். அதை எவனோ ஒரு வெட்டிப்பய நோட்டீஸ் போர்டுல பெரிசா எழுதி ஒட்டிட்டான், புருஷன் பெண்டாட்டி பேரு மாதிரி இருக்குன்னு. ஸ்டாஃப் ரூம்ல ஒரே சிரிப்பு. அவளுக்கு எஸ்டேட்டு ஸ்கூல் வாத்தியார் ஒருத்தனைப் பேசி வச்சிருந்தாங்க. அவன் காதுக்குப் போயி, வேண்டாம்னுட்டான். அதுக்குப் பெறவு அவ கல்யாணமே பண்ணிக்கிடலை. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? சர்வதேச விதி அப்படி. எனக்கும்தான் வீட்டுல மூணு நாள் சோறு கெடைக்கலை.

அவ என்ன செஞ்சா தெரியுமா? என்னைக் கேக்காம, என் மூலமா அனுப்பாம, நேரா கட்டுரையைப் போட்ட வெளிநாட்டுப் பத்திரிகைக்கு ஒரு கடிதாசி எழுதிட்டா. 'பூவின் நிறம் வெள்ளை, நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு, உயிரோடு பார்த்தவள் நான்'னு. வெள்ளைக்கார ஆசிரியர் எனக்கு எழுதிக் கேட்டார். இவங்க இப்படிச் சொல்லுதாங்களே, உங்க கருத்து என்னன்னு. மரியாதையாத்தான் கேட்டிருந்தார்.

இப்பச் சொல்லப்போறது நாவல்ல கிடையாது. அந்த அம்மாவுக்குத் தெரியாது, எமிமாளுக்கும் தெரியாது. நீங்க நல்ல பிள்ளையாத் தெரியுதிய, உங்களுக்குச் சொல்லுதேன்.

அந்தப் பொண்ணுக்கு நிறக்குருடுன்னு எழுதினேன்.

ஒரே வரிதான். 'மிகவும் உழைப்பாளி, ஆனால் துரதிர்ஷ்டவசமாக நிறக்குருடு உள்ளவர்.' பொம்பளைகளுக்கு அது வாறது அபூர்வம்னு எனக்குத் தெரியாதா? அந்த வெள்ளைக்காரருக்கும் தெரியும். நிறக்குருடா இருந்தாலும் ஊதா எப்படி வெள்ளையாத் தெரியும்னு அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேக்கலை. ரொம்ப வருத்தம்னு எனக்குப் பதில் போட்டார். அதோட முடிஞ்சுச்சு. பெறவு அவ எந்த எடத்துக்கு விண்ணப்பம் போட்டாலும், கல்கத்தாவுக்குப் போட்டா, டேராடூனுக்குப் போட்டா, எங்கேயும் நடக்கலை. செடி பாக்குத வேலைக்கு நிறம் தெரியாதவளை எவன் எடுப்பான்? ஏன் வரலை ஏன் வரலைன்னு என்கிட்டயே வந்து கேப்பா. 'கடவுள் சித்தம் எமிமாள், உனக்குத் தெரியாததா'ன்னு ஆறுதல் சொல்லுவேன்.

என்னம்மா அப்படிப் பாக்கிய? டம்ளரை ஏன் கீழ வச்சிட்டிய?

அவ டாக்டர் பட்டத்துக்கு எழுதிக் குடுத்த ஆராய்ச்சிக் கட்டைக்கூட நான் நிராகரிக்கலை. அலமாரியில இருந்துச்சு. பாக்கணும் பாக்கணும்னு இருந்தேன், நேரம் வரலை. ஆறு வருஷம் கழிச்சு அவளே கேக்குறதை நிறுத்திட்டா. ஆனா வேலையை விட்டு நான் அனுப்பலையே! டெமான்ஸ்ட்ரேட்டராப் போட்டு வச்சேன். முப்பத்தி ரெண்டு வருஷம் பசங்களுக்கு இலையை அறுத்துக் காமிச்சு, கண்ணாடிச் சில்லைக் கழுவி வச்சு, கௌரவமா ரிட்டயர் ஆனா. அவகிட்ட இலை அறுக்கக் கத்துக்கிட்டவனெல்லாம் டாக்டர் ஆயிட்டான். அவ கடைசி வரைக்கும் எமிமாள் டீச்சர். மலைக்குப் போக மட்டும் லீவு குடுக்கலை. திரும்பிப் போனா அந்தப் பூவைப் பறிச்சுக்கொண்டு வந்து என் மேசையில வச்சிருவாள்லா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரண்டுல வெள்ளம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? நீங்க பொறந்திருக்க மாட்டிய. அந்த வெள்ளத்துல அந்தப் பாறை மண்ணோட சரிஞ்சு உருண்டு போச்சு. அந்தச் செடி வேற எங்கயும் கிடையாது. எத்தனையோ பேரு போய்த் தேடிட்டான், இல்லை. பரப்பன் செத்தான், அவன் பெண்டாட்டியும் செத்தா. இப்ப அந்தப் பூவை உயிரோட பாத்த ஆளு உலகத்துலயே ஒருத்திதான். அவளுக்கும் ஒரு மாசம்.

நாவல் அட்டையைப் பாத்தியளா? என்னைத் திட்டி முன்னூத்தம்பது பக்கம். உள்ள நூத்தெட்டாம் பக்கத்துல பூ வெள்ளைன்னு எழுதியிருக்கு. அட்டையில என்ன நிறம்? ஊதா! படம் போட்டவர் நாவலைப் படிக்கலை, என் கட்டுரையைப் பாத்துப் போட்டிருக்கார். எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எமிமாளும் அட்டையில என்னன்னு கேட்டாளாம்லா? ஊதாப் பூன்னு நர்ஸம்மா சொன்ன ஒடனே புத்தகத்தைத் தள்ளி வச்சிட்டாளாம். நீங்கதான சொன்னிய.

சரி, விஷயத்துக்கு வாறேன். கடிதாசியை நானே நேத்து டைப் அடிச்சு வச்சிட்டேன். இந்த டிராயர்ல இருக்கு, எடுங்க. படிங்க. ரெண்டே வரி. மொத வரி, 'இச்செடியை முதன்முதலில் கண்டு சேகரித்தவர் எமிமாள் என உறுதி கூறுகிறேன்.' உங்களுக்கு வேண்டியது கெடைச்சுட்டா? ரெண்டாம் வரியையும் படிங்க. சத்தமாப் படிங்க. 'இதன் பூ ஊதா நிறமுடையது என்பதை எமிமாளும் உறுதி செய்கிறார்.' கீழ அவளுக்கு ஒரு எடம் விட்டிருக்கேன்.

மொத வரிக்கு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டா ரெண்டு வரிக்கும் சேத்துத்தான்.

யோசிச்சுப் பாருங்கம்மா, நான் என்ன கேக்கேன்? பட்டம் அவளுக்கு. மேடை அவளுக்கு. மாலை, கைதட்டு, பத்திரிகையில படம், எல்லாம் அவளுக்கு. நாவல் வேற. எனக்கு என்ன மிச்சம்? ஒரு நிறம். விழா அன்னைக்கு அவ மேடையில ஏறி 'பூ வெள்ளை'ன்னு சொன்னா, என் கட்டுரை என்ன ஆகும்? நான் எழுதுனதுல வெளிநாட்டுல நிக்கிறது அது ஒண்ணுதான். இவ்வளவு வயசுக்கு மேல நான் பொய்யனா சாகவா?

அவளால கையெழுத்துப் போட முடியாது, கை நடுங்கும்னா பரவாயில்லை. போன்ல சொல்லட்டும். நீங்க சாட்சின்னு போட்டிருங்க. கூப்பிடுங்க. ஏன் தயங்குதிய? அவ சேலையை எடுத்து வச்சிருக்கா, நீங்க இங்க உக்காந்து தயங்குதிய. இதையெல்லாம் முடிவு பண்ணுறது அவ, நீங்க இல்லை. கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

எமிமாளா? நான் ஆவுடைநாயகம் பேசுதேன்.

பாத்தியளா, குட்மார்னிங் சார்ங்கா! கட்டில்ல எந்திரிச்சு உக்காருதா போலுக்கு, சத்தம் கேக்கு. படுத்துக்கோ எமிமாள், படுத்துக்கோ. இந்த மேடம் எல்லாம் சொல்லுவாங்க. சொல்லுங்கம்மா. ரெண்டு வரியையும் வாசிச்சுக் காட்டுங்க.

...

வாசிச்சாச்சா? எமிமாள், சேலை எடுத்து வச்சிருக்கியாமே? என்ன கலர் சேலை? சரி, சரி. நல்லா இருக்கும் உனக்கு. டாக்டர் எமிமாள்னு மைக்ல கூப்பிடுவாங்க. உங்க அப்பா இருந்திருந்தா எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பார்! ஒரு சொல்லுதான் எமிமாள். ஒரே ஒரு சொல்லு.

என்ன சொல்லுதா? எனக்குக் காது சரியாக் கேக்காது, திருப்பிச் சொல்லுங்க. 'நீங்க ஒருக்கா மேல வந்து பாத்திருக்கலாம் சார்' அப்படிங்காளா? எனக்கு அப்பவே மூட்டு வலி எமிமாள். உனக்குத் தெரியும்லா. பழசெல்லாம் எதுக்கு இப்ப? விஷயத்தைச் சொல்லு. மேடம் காத்துக்கிட்டு இருக்காங்க, பஸ்ஸுக்குப் போகணும்.

கேக்கலை. ஊதாங்காளா? என் காதுல விழலை. எமிமாள், கொஞ்சம் சத்தமா. உங்களுக்கும் நல்லாக் கேக்கணும்லா, நீங்க சாட்சி. இன்னொரு தடவை. ஆங், விழுந்துட்டு. பூ என்ன நிறம்னு முழுசாச் சொல்லச் சொல்லுங்க, பெறவு ஒரு பேச்சு வரப்படாது. 'பூ ஊதா, சார்.' சரி. சரி எமிமாள். ஒடம்பைப் பாத்துக்கோ.

வச்சிட்டா. நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னாளா? அன்னைக்கும் சொல்லலை, இன்னைக்கும் சொல்லலை. பொறவிக் குணம்.

நீங்க எதுக்கும்மா அழுதிய? வேலை முடிஞ்சுட்டு. இந்தா, நான் போட்டுட்டேன் பாருங்க, எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு, கை நடுங்கலை. இங்க, சாட்சிங்கிற எடத்துல நீங்க போடுங்க. தேதியும் போடுங்க. மூக்கைத் துடைச்சுக்கோங்க, தாளு மேல விழுந்துரும். நாளைக்குக் கமிட்டியில குடுங்க, எவனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான். விழாவுக்கு எனக்கு முன் வரிசையில ஒரு எடம் போட்டிருங்க.

கெளம்பிட்டியளா? ஒரு நிமிஷம் நில்லுங்க.

நீங்க அவகிட்ட நாலஞ்சு தடவை போயிருக்கிய, பேசியிருக்கிய. வெள்ளைன்னா எப்படிப்பட்ட வெள்ளைன்னு என்னைக்காவது சொன்னாளா? மல்லியப்பூ மாதிரியா? இல்லை, உள்ளுக்குள்ள லேசாப் பச்சை ஓடுத வெள்ளை ஒண்ணு உண்டே, அப்படியா? வெயில் படும்போது வேற மாதிரித் தெரியும்னு ஏதாவது... சும்மாத்தான் கேக்கேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லையா? நீங்களும் கேக்கலையா?

சரி. அப்ப ஊதாதான். போயிட்டு வாங்க.